திமிலைத் தவிர

மாடு பிடிக்கிறவர் காளையின் திமிலை மட்டுமே அணையலாம். 15 மீட்டர் தூரமோ, 30 விநாடியோ, காளையின் 3 தாவலோ, அதுவரை அதோடு போக வேண்டும். வாலைத் தொடக் கூடாது, கொம்பைத் தொடக் கூடாது, காலைக் கட்டிப்பிடிக்கக் கூடாது, மாடு வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது. 2017இல் தமிழ்நாடு அரசு வகுத்த ஜல்லிக்கட்டு விதிகளில் வீரரின் கைகளைப் பற்றிய பகுதி ஏறக்குறைய இவ்வளவுதான். எங்கள் வட்டாரத்து வடுகபட்டியில் பள்ளிக்கூடம் போகிற பையனைக் கேட்டாலும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவான். இந்தச் சில வரிகள் ஐயத்துக்கு இடமில்லாமல் சட்டமாக நிலைக்க 2006 முதல் 2023 வரை ஆயிற்று. அதற்காக நடந்த வழக்கை நான் கறுப்புக் கோட்டோடு ஓரத்தில் நின்று பார்த்தவன். நானே நடத்தியது அதன் வாலைப் பிடித்து வந்த ஒரு சின்ன வழக்கு.

பெரிய வழக்கு தொடங்கிய விதமே விசித்திரம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு ஊரில் ரேக்ளா பந்தயம் நடத்தப் போலீஸ் அனுமதி வேண்டும் என்று ஒருவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தார். கேட்டது ஒரு ஊருக்கு, ஒரு வண்டிப் பந்தயத்துக்கு. 2006 மார்ச்சில் நீதிபதி ஆர். பானுமதி அளித்த தீர்ப்பு ரேக்ளாவோடு நிற்கவில்லை; ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தது. சிவில் கோர்ட்டில் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு, மனுவில் கேட்ட பரிகாரத்தைத் தாண்டிக் கோர்ட் போகாது என்பது முதல் பாடம். ரிட் அதிகாரம் அதைவிட அகலமானது என்று தெரியும். அவ்வளவு அகலமானது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். 2007 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. தடை செய்வதை விட ஒழுங்குபடுத்துவதே வழி என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்றது; 2009இல் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தை எங்கள் வட்டாரத்தில் நிம்மதியோடுதான் வரவேற்றோம். கலெக்டர் அனுமதி, இரட்டைத் தடுப்பு வேலி, கால்நடை மருத்துவர் பரிசோதனை என்று எல்லாம் காகிதத்தில் இருந்தது. ஆனால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் பார்வையாளர்கள் களத்தில் கண்டதை எழுதி உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தபோது, வாலை முறுக்கியது, கடித்தது, கண்ணில் எரிச்சல் பொருள் தடவியது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 2011 ஜூலையில் மத்திய அரசு காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்திருந்தது. 2014 மே 7 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு ஆட்டத்தையே நிறுத்தியது. காளை பயந்தால் ஓடுகிற பிராணி, அந்தப் பயத்தைத்தான் நீங்கள் விளையாட்டாக்குகிறீர்கள், அதை எந்த ஒழுங்குமுறையாலும் சரிசெய்ய முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் அடிநாதம். எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அதை எழுதியவர்களுக்குச் சான்றுகளைத் தேடிக்கொடுத்தது நம் ஆட்கள்தான் என்பதை மறுக்க முடியாது. வாலை முறுக்கிய கை ஒழுங்காக இருந்திருந்தால் அந்த அறிக்கைகளில் எழுத என்ன இருந்திருக்கும்?

2015, 2016 பொங்கல்கள் வாடிவாசல் திறக்காமலே போயின. 2016 ஜனவரி 7 அன்று மத்திய அரசு அனுமதித்து அறிவிக்கை வெளியிட்டது. ஐந்தே நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சின்னமனூர்ப் பக்கம் அய்யம்பட்டியிலும், கம்பம் பக்கம் பல்லவராயன்பட்டியிலும் களத்துக்கென்றே மாடு வளர்த்தவர்கள் தீவனக் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார்கள். உழவுக்குப் போகாத, பால் தராத, மூக்கில் கயிறு மட்டும் மினுங்குகிற ஒரு காளையை ஆண்டு முழுவதும் வைத்துக் காப்பாற்ற ஒரு நாள் ஆட்டம்தான் காரணமாக இருந்தது. அந்த ஒரு நாளும் போன பிறகு என்ன நடக்கும் என்பதை நீதிமன்றத்தில் வாதமாக வைத்தால் அது உணர்ச்சியாகத் தெரியும். மாட்டுச் சந்தையில் பார்த்தால் கணக்காகத் தெரியும்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது, 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா, 31ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். அதன் கீழ் வந்தவைதான் நான் முதலில் சொன்ன விதிகள். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகளின் அரசியல் சாசன அமர்வு அவற்றை ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அனிருத்தா போஸ். சட்டத் திருத்தத்தையும் விதிகளையும் சேர்த்துப் படித்தால் ஆட்டம் நடக்கிற முறையே மாறிவிட்டது, 2014இல் பார்த்த ஆட்டம் இன்று இல்லை என்பது அதன் முக்கியமான வாதம். பண்பாடு, பழைமை என்று டெல்லியில் எவ்வளவோ பேசினார்கள். அது பண்பாடா இல்லையா என்பதைச் சட்டமன்றம்தான் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. ஆட்டத்தைக் காப்பாற்றியது எதையெதைத் தொடக் கூடாது என்ற பட்டியல்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. திமிலைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பது ஆதியிலிருந்து வந்த மரபு என்று மேடையில் பேசுகிறவர்கள், கொம்பில் கட்டிய துணியையும் காசையும் அவிழ்ப்பதுதான் ஒரு காலத்தில் வெற்றியாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். வடமாடு மஞ்சுவிரட்டில் இன்றும் வடத்தில் கட்டிய காளையை ஏழு முதல் ஒன்பது பேர் கொண்ட குழு குறித்த நேரத்துக்குள் மடக்க வேண்டும். அங்கே கட்டுப்பாடு கைக்கு இல்லை, கயிற்றுக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும்தான். வேலிவிரட்டில் மாட்டைத் திறந்த வெளியில் விட்டுவிடுவார்கள். இப்படி ஒவ்வொரு ஊரும் எதைக் கட்டுவது, எதை அவிழ்த்துவிடுவது என்று தனித்தனியாக முடிவு செய்திருந்தது. எழுதாத கட்டுப்பாடுகளும் இருந்தன. நம் பக்கத்து வத்தலக்குண்டுக்காரர் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ கதையில் ஜமீன்தாரின் காரிக் காளையை ஒருவன் அணைகிறான். அதற்குப் பிறகு அந்தக் காளைக்கு என்ன ஆகிறது என்று படித்தவர்களுக்குத் தெரியும். யார் மாட்டை யார் தொடலாம் என்கிற விதியை எந்த நோட்டீசிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

இனி என் வழக்கு. கட்சிக்காரர் வடுகபட்டிப் பூண்டு மண்டியில் மூட்டை தூக்குகிறவர், முப்பது வயதுக்குள். ஊர் பெயரும் குழுவின் பெயரும் வேண்டாம். ஓர் ஆண்டு ஒரு ஊரில் அதிக மாடு பிடித்தவருக்கு மோட்டார் சைக்கிள் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். சுற்றுச் சுற்றாகச் சட்டை நிறம் மாற்றி வீரர்களை இறக்கி, கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களை மட்டும் விட்டார்கள். இவர் ஒரு காளையின் திமிலை அணைந்து இரண்டு தாவலுக்கு நின்றிருக்கிறார். மூன்றாவது தாவலில், பின்னாலிருந்து இன்னொருவர் வாலைப் பிடித்துவிட்டார். மாடு திரும்பியது, இவர் விடவில்லை, தூரமும் முடிந்தது. மைக்கில், “ஆள் ரெண்டு, பிடி செல்லாது, மாடு வெற்றி” என்று அறிவித்து, மாட்டுக்காரருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு மாட்டில் மோட்டார் சைக்கிள் வேறொருவருக்குப் போயிற்று.

“நான் திமிலத்தேன் பிடிச்சேன்ணே. வால்ல கை வச்சவன் யாருன்னுகூட நான் பாக்கல. அவன் செஞ்சதுக்கு என்னைய எதுக்குண்ணே வெளிய போடணும்?” என்றார்.

கேட்டவுடன் வழக்கு எடுக்கத் தோன்றவில்லை. ஆட்டத்தில் நடுவர் சொன்னது தவறு என்று கோர்ட்டுக்குப் போனால், எந்த நீதிபதியும் தான் இன்னொரு நடுவராக விரும்ப மாட்டார், அது சரியும்கூட. நான் யோசித்தது வேறு. நடுவரின் கண் பிசகியதா என்பது கோர்ட்டின் வேலை இல்லை. அவர் எந்த விதியை வைத்து முடிவு சொன்னாரோ அந்த விதி ஆட்டம் தொடங்கும் முன் இருந்ததா என்பது கோர்ட் கேட்கக்கூடிய கேள்வி. நோட்டீசை வாங்கிப் பார்த்தேன். திமில், தூரம், வால், கொம்பு எல்லாம் அரசு விதிப்படியே இருந்தது. இரண்டு பேர் தொட்டால் பிடி செல்லாது என்று எங்கும் இல்லை. பல ஊர்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு, மைக்காரர்கள் “ஒரு ஆள் புடிங்கப்பா, ஒரு ஆள்” என்று தொண்டை கிழியக் கத்துவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் இந்த ஊரில், அதே நாளில், காலையில் இரண்டு பேர் தொங்கிய ஒரு மாட்டுக்கு முதலில் அணைந்தவருக்கே பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் என் அக்கா பேரன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். மேசையில் வரைபடமும் பகடையும் பரப்பி, ஆளுக்கொரு வேடம் ஏற்று அரக்கர்களோடு சண்டை போடுகிற ஒரு விளையாட்டு அவனுக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்டது. அதன் முதல் வடிவத்திலேயே மந்திரவாதிக்குக் குத்துவாளைத் தவிர ஆயுதம் கிடையாது, கவசம் கூடாது. சாமியார் வேடத்துக்கு வெட்டுகிற ஆயுதம் கூடாது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒருவர் தன் முறைக்கு, நகர்வது போக, ஒரு முக்கியச் செயல் செய்யலாம், வாய்ப்பிருந்தால் ஒரு துணைச் செயல், ஏதாவது தூண்டினால் ஒரு எதிர்வினை, அவ்வளவுதான். இவனோ அதற்கும் மேலே போய், தான் நடத்துகிற சண்டைகளில் ஒவ்வொரு வேடத்துக்கும் இருக்கிற வித்தைகளைச் சுருக்கிச் சுருக்கி எழுதிக்கொண்டிருந்தான். எதற்கு என்றேன். “நிறைய இருந்தா எல்லாரும் தாளப் படிச்சிட்டே உக்காந்திருக்காங்க தாத்தா. எப்பவும் ஒரே பெரிய மந்திரத்தையே போடுறாங்க. அத எடுத்துட்டாத்தான் யோசிக்கிறாங்க” என்றான்.

இதை நான் ரசித்தேன். நாற்பது பேர் கையில் கம்பும் கயிறும் கொடுத்துக் காளையை மடக்கச் சொன்னால் அது வேட்டை. கம்பைப் பிடுங்கி, கயிற்றைப் பிடுங்கி, வாலையும் கொம்பையும் காலையும் பிடுங்கிக்கொண்ட பிறகு மிஞ்சுகிற ஒரு கைப்பிடிச் சதையில்தான் ஆட்டம் தொடங்குகிறது. ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் என் வழக்குக்கு உதவியது. வித்தைகளைக் குறைப்பதில் தகராறு வராதா என்று கேட்டதற்கு, உட்காருமுன் சொல்லிவிட்டால் வராது, சண்டை நடுவில் ஒருவன் வித்தையைப் பறித்தால் மறுவாரம் ஆள் வர மாட்டார்கள் என்றான். ஆட்டம் நடத்துகிறவனுக்கு வரம்பு உண்டா என்றேன். புத்தகத்தில் இல்லை, நண்பர்கள் இருக்கிறார்கள் என்றான். என் கட்சிக்காரருக்கு அந்த மேசை நண்பர்கள் இல்லை. முன்சீப் கோர்ட்தான் இருந்தது.

பிராதை ஒப்பந்தச் சட்டத்தில் நிறுத்தினேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, முன்மொழிவில் சொன்ன நிபந்தனையை ஒருவர் நிறைவேற்றினால் அதுவே ஏற்பு என்கிறது. எங்கள் மருந்தைப் பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் வந்தால் நூறு பவுண்டு தருகிறோம் என்று விளம்பரம் செய்த இங்கிலாந்து கம்பெனியை 1890களில் ஒரு பெண்மணி கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்த கதை சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பது. நோட்டீஸ் ஒரு முன்மொழிவு, திமிலை அணைந்து தூரம் கடந்தது ஏற்பு, மோட்டார் சைக்கிள் கடன் என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் சாமர்த்தியசாலி. இது பந்தயம், பந்தய ஒப்பந்தம் 30ஆம் பிரிவின்படி செல்லாது என்றார். பந்தயம் என்றால் இரண்டு பக்கமும் ஒருவர் ஜெயிக்க மற்றவர் இழக்க வேண்டும்; என் கட்சிக்காரர் பணம் எதுவும் கட்டவில்லை, தோற்றிருந்தாலும் விழாக் குழு அந்த வண்டியை யாருக்காவது கொடுத்துத்தான் ஆக வேண்டும், எனவே இது பரிசு என்று பதில் சொன்னேன். அடுத்து, வீரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை எடுத்து நீட்டினார். உயிருக்கு நானே பொறுப்பு, குழுவின் முடிவே இறுதியானது என்று இருந்தது. கோர்ட்டுக்கே போக மாட்டேன் என்று முற்றாகத் தடுக்கிற ஒப்பந்தம் 28ஆம் பிரிவில் செல்லாது என்றேன். குழுவின் முடிவு இறுதி என்றால், குழு தன் விதியைப் பின்பற்றி எடுத்த முடிவு இறுதி. விதியையே மாட்டின் முதுகில் ஒருவர் தொங்கும்போது எழுதினால் அதற்கு இறுதி கிடையாது. முன்சீப் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டினார். பிறகு அவர் கேட்டது, “மைக்கில் முன்பே அறிவித்திருந்தால்?”

வழக்கு அங்கேதான் நின்றது. காலையிலேயே சொன்னேன் என்று மைக்காரர் சாட்சிக்கூண்டில் சொன்னார். உள்ளூர் கேபிள்காரர் நாள் முழுவதும் எடுத்த பதிவில் அப்படி ஓர் அறிவிப்பு மாலையில்தான் கேட்கிறது. நான் என் காதால் கேட்டேன். ஆனால் அதைக் கோர்ட் கேட்க வேண்டுமானால், அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி, இந்தக் கருவியில் இப்படிப் பதிவானது என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அது கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்திருந்தது. கேபிள்காரர் அந்த ஊர்க்காரர். சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் அடுத்த திருவிழாவுக்கு அவரை யார் கூப்பிடுவார்கள்? அவர் பொய் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் உடம்பு சரியில்லை. சம்மன் அனுப்பி வரவழைத்திருக்கலாம். அப்படி வந்து நிற்கிறவர் என்ன சொல்வார் என்று யூகிக்க முப்பது வருட அனுபவம் தேவையில்லை.

இந்த இடைவெளியில் மாட்டுக்கும் விதிகள் வந்துகொண்டே இருந்தன. 2021 செப்டம்பரில் நாட்டு இனக் காளைகளை மட்டுமே களத்தில் விட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, நல்ல உத்தரவு. 2022 மார்ச்சில் காடுகளில் கால்நடை மேய்ச்சல் கூடாது என்று ஓர் உத்தரவு, சில நாளில் அது சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருங்கியது. மேகமலை அடிவாரத்தில் மலைமாடு வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சுருக்கத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, அவர்கள் மேய்த்த மலை புலிகள் காப்பகத்துக்குள்தான் இருந்தது. நாட்டு மாடுதான் வேண்டும் என்கிற உத்தரவும் நாட்டு மாடு மேய்ந்த இடத்துக்குப் போகாதே என்கிற உத்தரவும் ஒரே கட்டடத்திலிருந்து வந்தவை. தனித்தனியாகப் படித்தால் இரண்டுக்கும் நியாயம் உண்டு.

கடைசியில் லோக் அதாலத்தில் உட்கார்ந்தோம். நானே கட்சிக்காரரிடம் போகலாம் என்றேன். தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில், வண்டி விலையில் பாதியைத் தர குழு சம்மதித்தது. அவர் அதில் தன் தோள்பட்டைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டார். மூட்டை தூக்குகிறவருக்குத் தோள்தான் மூலதனம்.

உத்தரவு நகலை வாங்க வந்த அன்று ஒன்று கேட்டார். “சரிண்ணே, ரெண்டு பேர் தொட்டாச் செல்லாதுன்னே வச்சுக்குவோம். முன்னாடி போறவன மடக்கணும்னா, பின்னாடி வந்து ஒருத்தன் வால்ல ஒரு விரல் வச்சாப் போதும்ல?” அவர் வாலைப் பிடித்தவரைப் பற்றிப் பிறகு விசாரித்திருக்கிறார். அந்த ஆள் அந்தச் சுற்றில் ஒரு மாடுகூடப் பிடிக்கவில்லை. பிடி செல்லாது என்ற தண்டனையில் அவருக்குப் போக ஒன்றுமே இல்லை.

குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டாவதாகத் தொட்டவரைக் களத்திலிருந்து வெளியேற்றுங்கள், முதலில் திமிலை அணைந்தவரின் பிடியைக் கணக்கில் வையுங்கள், இதையும் நோட்டீசில் அச்சிடுங்கள் என்று. பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு நோட்டீசை மண்டிச் சுவரில் பார்த்தேன். கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ஒரு காளையை ஒருவருக்கு மேல் தொட்டால் பிடி செல்லாது. அதற்கும் கீழே, பழைய வரி அப்படியே இருந்தது, இந்த முறை தடித்த எழுத்தில்: விழாக் குழுவின் முடிவே இறுதியானது.